கியர்பாக்ஸ் ஆயிலுக்குப் பதினான்காயிரம் ரூபாய்: பழைய காருக்கு இந்தச் செலவு தகுமா?

கேள்வி: எனக்கு வயது 58. வேளச்சேரியில் குடியிருக்கிறேன், கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனதால் கிளட்ச் மிதிக்க முடியாமல், 2012 ஆகஸ்டில் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். இதுவரை 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலை ஒருமுறைகூட மாற்றியதில்லை. சென்ற வாரம் சர்வீஸ் சென்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்தார்கள்: ஆயில் 8 லிட்டர் ₹7,200, ஃபில்டரும் கேஸ்கெட்டும் ₹3,000, லேபர் ₹2,000, ஜிஎஸ்டி ₹2,196, ஆக மொத்தம் ₹14,396. எங்கள் தெரு மெக்கானிக்கோ, "இத்தனை வருஷம் ஓடின ஆயிலைத் தொட்டால் கியர்பாக்ஸ் போய்விடும் சார், அப்படியே விட்டுவிடுங்கள்" என்கிறார். கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்தால் ₹90,000 ஆகுமாம். காரை விற்றால் இரண்டு லட்சம் கிடைக்கலாம். என் மகன் இதற்குச் செலவழிக்காமல் எட்டு லட்சம் கடன் எடுத்துப் புதிய கார் வாங்கச் சொல்கிறான். 2023 டிசம்பர் புயல் மழையில் கார் அரைச் சக்கரம்வரை தண்ணீரில் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கென்று நான்கு லட்சம் எஃப்.டி.யில் இருக்கிறது, அதை உடைத்து இந்தச் செலவைச் செய்யலாமா?

பதில்: எஃப்.டி.யை உடைக்க வேண்டாம். செலவைச் செய்யலாம், ஆனால் எஸ்டிமேட்டில் உள்ளபடி ஒரே தடவையில் அல்ல, அதற்கு முன் ஒரு சிறிய பரிசோதனையும் வேண்டும். அந்தப் பரிசோதனை எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்து என் பதில் முழுவதுமே மாறக்கூடும்.

இந்த ₹14,396-ஐக் காரின் விற்பனை விலையோடு ஒப்பிட்டு, "இரண்டு லட்சம் பெறும் வண்டிக்கு இவ்வளவா" என்று கேட்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆயில் மாற்றியதால் காரின் விலை ஒரு ரூபாய்கூட ஏறப்போவதில்லை. வாங்க வருபவர் அந்த பில்லைப் பார்த்துத் தலையாட்டுவாரே தவிர, கூடுதலாகக் கொடுக்க மாட்டார். எனவே இதை முதலீடாகப் பார்க்காமல், ₹90,000 செலவு ஒன்று வந்து விழாதிருக்க நீங்கள் கட்டும் பிரீமியமாகப் பாருங்கள். பிரீமியம் என்று வந்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: எத்தனை ஆண்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பு தேவை, காப்பாற்ற வேண்டிய பொருள் இப்போது நல்ல நிலையில் இருக்கிறதா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு விடை காண அதிகச் செலவில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலின் வேலை உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. என்ஜினின் சுழற்சியை, என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் வழியாகக் கடத்துவதும், அழுத்தம் கொடுத்துக் கிளட்ச் தட்டுகளை இறுக்கிக் கியர் மாற்றுவதும், உள்ளே உண்டாகும் சூட்டைச் சுமந்து கூலருக்குக் கொண்டுபோவதும் அதே ஆயில்தான். சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகரும்போது டார்க் கன்வர்ட்டருக்குள் நழுவல் அதிகம், நழுவல் அதிகமானால் சூடும் அதிகம். விஜயநகர் சந்திப்பிலிருந்து கிண்டி வரை மே மாத வெயிலில் தினமும் ஊர்ந்து செல்லும் காரின் ஆயில், நெடுஞ்சாலையில் அதே தூரம் ஓடிய காரின் ஆயிலைவிட விரைவாகக் கெடும். தயாரிப்பாளர்களின் கையேடுகளில் இத்தகைய ஓட்டத்தைக் கடுமையான பயன்பாடு என்று தனியாகக் குறித்து, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்திருப்பது இதனால்தான். "ஆயுள் முழுவதுக்கும் போதும்" என்று சொல்லி விற்கப்பட்ட கியர்பாக்ஸ்களும் உண்டு. அங்கே ஆயுள் என்பது யாருடைய கணக்கில் என்பதை நான் எப்போதும் சற்றுச் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

உங்கள் காரில் கியர்பாக்ஸுக்குத் தனி டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருந்தால், சமதளத்தில் நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி வண்டியைச் சூடாக்கிய பிறகு அதை உருவி, இரண்டு சொட்டு ஆயிலை வெள்ளை டிஷ்யூ தாளில் விடச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் அது வட்டமாகப் பரவும். சிவப்போ, பழுப்பேறிய சிவப்போ, ஓரம்வரை தெளிவாகப் பரவினால் ஆயில் வெறுமனே வயதாகியிருக்கிறது என்று பொருள். நடுவில் கறுப்புப் புள்ளியாகத் தேங்கி, விரலில் தேய்த்தால் நெறுநெறுவென்று இருந்து, தீய்ந்த வாடையும் அடித்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து ஆயிலில் கலந்திருக்கின்றன. ரோஸ்மில்க் போல வெளிறித் திரண்டிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அரைச் சக்கரம்வரை நின்ற தண்ணீர், கியர்பாக்ஸின் மேற்பகுதியில் இருக்கும் காற்றுக்குழாயைப் பெரும்பாலும் எட்டியிருக்காது. இருந்தாலும் வேளச்சேரிக் கார் என்பதால் பார்த்துவிடுவது நல்லது. மழை எச்சரிக்கை வந்ததும் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தும் உங்கள் பகுதிக்காரர்களைப் பலர் கேலி செய்தார்கள். அந்தக் கணக்கு சரியான கணக்கு என்பதே என் எண்ணம்.

டிப்ஸ்டிக் இல்லாவிட்டால் வண்டியை லிஃப்டில் ஏற்றி அளவு பார்க்கும் போல்ட்டைத் திறந்துதான் பார்க்க முடியும். அதற்கு லேபர் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். கூடவே நீங்களே ஓட்டிப் பாருங்கள். டி-யில் போட்டபின் ஓரிரு விநாடிக்குமேல் யோசித்துவிட்டு வண்டி இழுக்கிறதா, கியர் மாறும்போது வண்டி நகராமல் என்ஜின் மட்டும் இரைகிறதா, ஆர்-இல் (ரிவர்ஸில்) உதைக்கிறதா? இவற்றில் எதுவும் இல்லை, டிஷ்யூவிலும் நெறுநெறுப்போ ரோஸ்மில்க் நிறமோ இல்லை என்றால் தொடர்ந்து படியுங்கள். ஏதேனும் இருந்தால் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் இப்போது பணம் கட்டாதீர்கள். தேய்ந்த தட்டைப் புது ஆயில் வளர்த்துக் கொடுக்காது.

உங்கள் தெரு மெக்கானிக் சொல்வதில் பாதி உண்மை இருப்பதும் இங்கேதான். ஆயில் மாற்றிய மறுவாரம் கியர்பாக்ஸ் படுத்த கார்களை அவர் கண்டிருப்பார். அவற்றில் பல, நழுவத் தொடங்கிய பிறகு கடைசி நம்பிக்கையாக ஆயில் மாற்ற வந்த கார்களாக இருக்கும். நோய் முற்றியபின் மருத்துவமனைக்கு வந்தவரின் சாவுக்கு மருத்துவமனையைக் குறை சொல்வது போன்றது அது. மீதிப் பாதி நியாயமான அச்சம்: பல ஆண்டுகள் தொடாத கியர்பாக்ஸில் இயந்திரத்தைப் பூட்டி அழுத்தத்தோடு ஆயிலைச் செலுத்திக் கழுவினால், அடியில் படிந்து கிடந்த கசடு கிளம்பி, ஆயிலைப் பங்கிடும் வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் சிக்கக்கூடும்.

இந்த அச்சத்தை மனத்தில் வைத்து எஸ்டிமேட்டை மீண்டும் பாருங்கள். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பின் போல்ட்டைக் கழற்றி வடித்தால் மொத்த ஆயிலில் ஏறத்தாழ பாதிதான் வெளியே வரும். மற்றது டார்க் கன்வர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். அப்படியிருக்க 8 லிட்டர் என்று எழுதியிருக்கிறார்கள் என்றால், இயந்திரத்தால் மாற்றப் போகிறார்கள் என்றே தோன்றுகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். முதல் தடவை சம்ப்பை இறக்கி, ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றி, வடிந்த அளவுக்கு, அதாவது சுமார் 4 லிட்டர் புது ஆயிலை ஊற்ற வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின் சம்ப்பை இறக்காமல் போல்ட் வழியாக வடித்து மீண்டும் 4 லிட்டர். முதல் முறையில் பாதி புதிது, இரண்டாம் முறையில் முக்கால் பங்கு புதிது. பதினான்கு வயதுக் காருக்கு அது தாராளம்.

உங்கள் எஸ்டிமேட் விலையிலேயே கணக்கிட்டால், முதல் கட்டத்துக்கு ஆயில் ₹3,600, ஃபில்டர், கேஸ்கெட் ₹3,000, லேபர் ₹2,000, 18 சதவீத ஜிஎஸ்டியோடு ₹10,148. இரண்டாம் கட்டத்துக்கு ஆயில் ₹3,600, லேபர் ₹600 என்று வைத்துக்கொண்டால் வரியோடு ₹4,956. மொத்தம் ₹15,104; ஒரே தடவையில் செய்வதைவிட ₹708 கூடுதல். இந்த ₹708-க்கு உங்களுக்குக் கிடைப்பது, பாதியில் நிறுத்திக்கொள்ளும் உரிமை. சம்ப்பை இறக்கும்போது பக்கத்தில் நின்று, அதன் அடியில் ஒட்டியிருக்கும் காந்தங்களைக் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் களிம்பு போலப் படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம், துடைத்து மாட்டிவிடலாம். நகத்தில் எடுக்கும் அளவுக்குச் சில்லுகளோ ஊசி போன்ற துணுக்குகளோ இருந்தால் உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் கட்டத்துக்கான பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

இனி முதல் கேள்வி, எத்தனை ஆண்டுகள். ஐந்து ஆண்டுகள் வைத்திருப்பீர்கள் என்றால் ₹15,104 என்பது மாதத்துக்கு ₹252. தவிர்க்க நினைக்கும் ₹90,000-இல் இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அதாவது, இத்தகைய ஆறு கார்களில் ஒன்றையாவது இந்தப் பராமரிப்பு கியர்பாக்ஸ் பழுதிலிருந்து காப்பாற்றும் என்று நம்பினால் மட்டுமே செலவு கட்டும். பதினான்கு ஆண்டுகள் ஆயிலே மாற்றாத, சிக்னல் ஓட்டத்தில் மட்டுமே ஓடிய, ஆனால் இன்னும் நழுவாத கியர்பாக்ஸுக்கு அது கட்டும் என்பது என் தீர்ப்பு. ஆறு மாதத்தில் விற்கப் போகிறீர்கள் என்றால் கட்டாது. அப்போது டிஷ்யூ பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐந்து ஆண்டுக் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: 2027 ஆகஸ்டில் காருக்குப் பதினைந்து ஆண்டுகள் நிறைவதால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் ₹5,000, அதற்குமேல் பசுமை வரி, வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகுமுன் செய்யவேண்டிய சில்லறை வேலைகள்.

இன்ஷூரன்ஸை நம்ப வேண்டாம். சாதாரண மோட்டார் பாலிசி தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் பணம் தராது. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனிப் பாதுகாப்பு தரும் கூடுதல் பிரிவு, உங்கள் கார் வயதுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை.

மகனின் யோசனை அன்பினால் வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் எட்டு லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ₹16,607. வட்டி மட்டும் ஏறத்தாழ ₹1,96,400. அறுபது தவணைகளில் இருபத்துநான்கைத்தான் சம்பளத்திலிருந்து கட்ட முடியும். எஞ்சிய முப்பத்தாறு தவணை, கிட்டத்தட்ட ஆறு லட்சம் ரூபாய், ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து போகும். கியர்பாக்ஸ் நாளையே போய், ₹90,000 முழுவதையும் நீங்கள் கட்ட நேர்ந்தாலும், அது இந்தக் கடனின் வட்டியில் பாதிகூட ஆகாது. புதிய காரின் பாதுகாப்பு வசதிகளுக்காக மகன் வற்புறுத்தினால் அது தனியாகப் பேச வேண்டிய நியாயம்; ஆயில் செலவை மிச்சப்படுத்துவதற்காகப் புதிய கார் என்பது மட்டும் கணக்கில் நிற்காது.

பணத்துக்கு எங்கே போவது? முதல் கட்டத்தை இந்த மாதச் சம்பளத்திலும், இரண்டாவதை இரண்டு மாதம் கழித்தும் கட்டுங்கள். கிரெடிட் கார்டில் தேய்த்தால் கெடு தேதிக்குள் முழுவதையும் அடைத்துவிடுங்கள். பாக்கி வைத்தால் மாதம் 3 சதவீதத்துக்குமேல் வட்டி ஏறும். அதோடு ஓய்வு பெறும்வரை மாதம் ₹3,000-க்கு ஒரு ஆர்.டி. தொடங்குங்கள். இரண்டு ஆண்டுகளில் வட்டி நீங்கலாக ₹72,000 சேரும். டயரோ, ஆர்.சி.யோ, கெட்ட நேரமானால் கியர்பாக்ஸோ, எது வந்தாலும் எஃப்.டி. பக்கம் போக வேண்டியிராது.

ஆயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கையேட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுவே வேண்டும். டொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹோண்டாவின் டிடபிள்யூ-1, ஹூண்டாயின் எஸ்பி-3, எஸ்பி-4 ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் நீங்களே வாங்கிக் கொடுத்தால் சில நூறு ரூபாய் மிஞ்சலாம். ஆனால் பிறகு பிரச்சினை வந்தால், சர்வீஸ் சென்டர் ஆயிலைக் காட்டும், கடைக்காரர் சர்வீஸ் சென்டரைக் காட்டுவார். பில்லில் ஆயிலின் பெயர், லிட்டர் அளவு, அன்றைய கிலோமீட்டர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். காந்தத்தில் சில்லுகளைப் பார்த்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள். பிரித்துச் சரிசெய்வதா, புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் தேடுவதா, இருந்தபடியே விற்றுவிடுவதா என்ற கணக்கை அப்போது போட்டுக்கொள்ளலாம்.