எத்தனை வீட்டுக்குப் போச்சு?

விருத்தாசலம் வாசகர்: அமெரிக்காவில் அலெக்ஸ் ஜோன்ஸ் என்பவருக்கு அவதூறு வழக்கில் கிட்டத்தட்ட 150 கோடி டாலர் அபராதம் என்று படித்தேன். கொலை செய்தவனுக்குக்கூட இப்படி ஒரு தண்டனை கிடையாதே. வாயால் சொன்னதற்கு இவ்வளவு தொகை அநியாயம் இல்லையா?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அது அபராதம் இல்லை, நஷ்ட ஈடு. அபராதம் என்றால் கஜானாவுக்குப் போகும். இது பாதிக்கப்பட்டவர்கள் கைக்குப் போக வேண்டிய பணம். மற்றபடி தொகையைப் பார்த்து எனக்கும் தலை சுற்றியது. ரூபாயில் பன்னிரண்டாயிரம் கோடிக்கு மேல். சைபர்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் நியூடவுன் என்ற ஊரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு புகுந்த ஓர் இளைஞன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். குழந்தைகள் எல்லோரும் ஆறு, ஏழு வயது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலிருந்து ‘இன்ஃபோவார்ஸ்’ என்ற ஒளிபரப்பை நடத்திவந்தவர் ஜோன்ஸ். இந்தச் சம்பவம் நடக்கவே இல்லை, ஜனங்களிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்க அரசாங்கம் போட்ட நாடகம், அழுகிற பெற்றோர் கூலிக்கு நடிக்கிறவர்கள் என்று வருடக்கணக்கில் பேசினார். பேச்சுக்கு நடுவே ஊட்டச்சத்து மாத்திரை விற்பார். குடும்பங்கள் டெக்சாஸிலும் கனெக்டிகட்டிலும் தனித்தனியாக அவர்மேல் வழக்குப் போட்டன. 2018இல் சில நாட்களில் ஒரே நாளில் 8 லட்சம் டாலருக்கு வியாபாரம் நடந்ததாக டெக்சாஸ் நீதிமன்றத்தில் கணக்குக் காட்டினார்கள்.

‘வாயால் சொன்னதற்கு’ என்கிறீர்கள். அந்த வாய் செய்த வேலையைப் பாருங்கள். ஆறு வயது மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், மறுநாள் சாயங்காலம் தேவாலயத்துக்கு வெளியே மைக்குகள் முன்னால் பேச வந்தார். நடந்து வரும்போது ஒரு நொடி முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. இழவு வீட்டு வாசலில் நிற்கிற மகன், வந்தவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் முகம் மலர்ந்து “வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த நொடி உடைந்து போவானே, அந்த மாதிரிச் சிரிப்பு. அந்த ஒரு நொடியைத்தான் ஜோன்ஸ், ‘பாருங்கள், நடிகர்’ என்று ஓட்டிக் காட்டினார். இன்னொரு தகப்பன் நீதிமன்றத்தில் சொன்னது: ஏழு வயது மகனின் கல்லறையில் யாரோ சிறுநீர் கழித்ததாகவும், தோண்டிப் பார்க்கப் போவதாகவும் அவர்களுக்கு மிரட்டல் வந்தது. உள்ளே குழந்தை இருக்கிறதா என்று பார்க்கத்தான்! பள்ளிக்குள் போன எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவரையும் நடிகர் பட்டியலில் சேர்த்தார்கள். அவர் சாட்சிக் கூண்டில் அழுதார்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1987இல் ஒரு சிறிய வாரப் பத்திரிகையில் நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது படத்துக்கெல்லாம் பிளாக். மரக்கட்டைமேல் அடித்த தகடு. பழைய பிளாக்குகள் ஒரு அலமாரியில் பேர் எழுதிய காகிதம் சுற்றிக் கிடக்கும். செயின் பறிப்புச் செய்தி ஒன்றுக்கு அவசரத்தில் வேறு ஆளின் பிளாக்கை எடுத்து வைத்து அச்சேற்றிவிட்டார்கள். படத்தில் இருந்தவர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருந்தவர். புரூஃபில் படத்தைப் பார்த்தவன் நான்தான். முகத்தை எங்கேயோ பார்த்தது போல இருக்கிறதே என்றுகூடத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை பத்திரிகையை அக்குளில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். சண்டை போடுவார் என்று பார்த்தோம். போடவில்லை. ஆசிரியர் எழுந்து நின்று, “அடுத்த இதழ்ல வருத்தம் தெரிவிச்சிடறோம்ணே” என்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “எத்தனை வீட்டுக்குப் போச்சு இது?”

மேனேஜர் “நாலாயிரத்துச் சொச்சம்” என்றார்.

“அப்ப நாலாயிரம் வீட்டுக்கும் வாங்க. நானும் கூட வர்றேன். இந்த மூஞ்சி அந்த மூஞ்சி இல்லன்னு சொல்லிட்டு வந்துருவோம்.”

யார் போனோம்? அடுத்த இதழில், கடைசிக்கு முந்தின பக்கத்தின் அடியில், இரண்டு வரி வருத்தம் வந்தது. அதற்கு முன்பு அந்த ஸ்டாண்டில் பாதிப் பேர் சைக்கிளைப் பூட்டாமலே விட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் எல்லோரும் பூட்டினார்கள். நானும் அங்கேதான் சைக்கிள் விடுவேன். அந்தக் கிளிக் சத்தம் ஒவ்வொன்றும் அவருக்குக் கேட்டிருக்கும்.

சரி, கனெக்டிகட்டுக்கு வருவோம். குடும்பங்களின் வக்கீல் வாட்டர்பரி நீதிமன்றத்தில் ஜூரிகளிடம் வைத்த வாதம் கிட்டத்தட்ட சைக்கிள் ஸ்டாண்ட்காரரின் கேள்விதான். 2012 முதல் 2018 வரை ஜோன்ஸின் சாண்டி ஹூக் சரக்கு சமூக ஊடகங்களில் 55 கோடி முறையாவது பார்வைக்குப் போயிருக்கிறது என்று ஒரு நிபுணர் மதிப்பிட்டிருந்தார். பார்வைக்கு ஒரு டாலர் என்று வைத்தாலே 55 கோடி டாலர் என்றார் வக்கீல். ஜூரிகள் ஆறு பேர் 2022 அக்டோபர் 12 அன்று கொடுத்த தொகை 96.5 கோடி டாலர். ஒரே மொத்தமாகத் தூக்கிக் கொடுத்ததில்லை. வழக்குப் போட்ட 15 பேருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். சிரித்தார் என்று சொல்லப்பட்ட அந்தத் தகப்பனுக்குத்தான் அதிகம்: 12 கோடி. எஃப்.பி.ஐ. அதிகாரிக்கு 9 கோடி. அந்தத் தொகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜோன்ஸ் தன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து நேரலையில் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

அவருக்காகப் பேசுகிறவர்கள் ஒன்று சொல்வார்கள்: அவர் குற்றவாளியா இல்லையா என்று விசாரிக்கவே இல்லை, நீதிபதியே முடிவு கட்டிவிட்டார் என்று. பாதி உண்மை. 2021இல் டெக்சாஸிலும் கனெக்டிகட்டிலும் நீதிபதிகள் அவர் பொறுப்பு என்று நேரடியாகத் தீர்ப்பளித்தார்கள். ஜூரி முடிவு செய்தது தொகையை மட்டும். ஏன் அப்படி? கணக்கு வழக்கைக் கொடு, இணையதளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற விவரத்தைக் கொடு என்று நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கேட்டும் அவர் தரப்பு ஒழுங்காகக் கொடுக்கவில்லை. நம் கோர்ட்டுகளில் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது என்பார்களே, அதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் எக்ஸ்பார்ட்டி ஆகிறவர் கோர்ட்டுக்கு வராதவர். இவர் வந்தார், காகிதத்தைத்தான் கொண்டுவரவில்லை. டெக்சாஸ் விசாரணையில் இன்னொரு கூத்து. சாண்டி ஹூக் பற்றித் தன் போனில் குறுஞ்செய்தி எதுவும் இல்லை என்று சத்தியம் செய்திருந்தார். அவருடைய வக்கீலே தவறுதலாக இரண்டு வருடச் செய்திகளை அப்படியே எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிட்டார். ஜோன்ஸ் கூண்டில் நிற்கும்போதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் இதை அவருக்குச் சொன்னார்!

ஆகவே 96.5 கோடி எனக்கு அநியாயமாகத் தெரியவில்லை. பதினைந்து பேருக்கு, வருடக்கணக்கில், தெரிந்தே செய்த வேலைக்கு.

ஆனால் அதற்குமேல் போட்டது இடிக்கிறது. அடுத்த மாதம் நீதிபதி 47.3 கோடி டாலர் தண்டனைத் தொகையாகச் சேர்த்தார். கனெக்டிகட்டில் அவதூறுக்கான தண்டனைத் தொகை என்றால் பெரும்பாலும் வக்கீல் கூலிதான். அது ஜூரி கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 32 கோடி சொச்சம். ஈடு ஏற ஏறக் கூலியும் கூடவே ஏறும். மீதி 15 கோடி, முறைகேடான வியாபாரத்துக்கு எதிரான சட்டத்தின் கீழ் வந்தது. இந்தச் சட்டம் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 15 கோடியைத் தள்ளுபடி செய்தது. சரியான வெட்டு என்பது என் கட்சி. டெக்சாஸ் ஜூரி தனியாக ஒரு தாய் தகப்பனுக்குக் கொடுத்தது 4.93 கோடி. அதில் உண்மையான நஷ்டத்துக்கு 41 லட்சம்தான், மற்றதெல்லாம் தண்டனை.

கொலைகாரனைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் அன்றைக்கே தன்னைச் சுட்டுக்கொண்டான். கூண்டில் நிறுத்த ஆள் இல்லாமல் போயிற்று. அவன்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் ஜோன்ஸ் தலையில் இறங்கியிருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஜூரிகளும் பிள்ளை பெற்றவர்களாக இருந்திருக்கலாம்.

தேனி வாசகர்: இதையே முன்மாதிரியாக வைத்து நாளை ஒரு மந்திரியோ முதலாளியோ பத்திரிகைகளின் கழுத்தை நெரிக்க மாட்டார்களா?

நெரிப்பார்கள், நெரித்தும் இருக்கிறார்கள். அதனால்தான் தொகையைப் பார்க்கும் முன்னால் வழக்குப் போட்டது யார் என்று நான் பார்ப்பேன். 1960இல் நியூயார்க் டைம்ஸில் மார்ட்டின் லூதர் கிங் இயக்கத்துக்காக ஒரு விளம்பரம் வந்தது. அதில் சில்லறைத் தப்புகள் இருந்தன. கிங் கைதானது நான்கு முறை, விளம்பரத்தில் ஏழு. மாணவர்கள் பாடிய பாட்டையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அலபாமாவின் மான்ட்கமரி நகரில் போலீசுக்குப் பொறுப்பாக இருந்த கமிஷனர் சல்லிவன், அதில் தன் பெயரே இல்லாதபோதும் வழக்குப் போட்டார். உள்ளூர் ஜூரி 5 லட்சம் டாலர் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது மலை மாதிரித் தொகை. 1964இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. பொது அதிகாரி ஒருவர் ஜெயிக்க வேண்டுமானால், பொய் என்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதினார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. முப்பது வருடம் கழித்து நம் உச்ச நீதிமன்றமும் ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில் அந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசியது. அரசாங்கம் என்ற அமைப்பு அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது என்றது.

சல்லிவனுக்குப் பின்னால் போலீஸ் இருந்தது. நியூடவுன் பெற்றோருக்குப் பின்னால் யாரும் இல்லை. பிள்ளையைப் புதைத்த ஒரே காரணத்துக்காக அவர்கள் பேர் வெளியே வந்தது.

தொகை மட்டும் பெரிதாக இருந்தால் எனக்கு உடன்பாடு கிடையாது. 2008இல் ஓர் ஆங்கிலச் செய்திச் சேனல் ஊழல் செய்தி ஒன்றில் வேறொரு நீதிபதியின் படத்துக்குப் பதில், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பி.பி. சாவந்த்தின் படத்தை 15 வினாடி காட்டிவிட்டது. 2011இல் புனே நீதிமன்றம் அதற்கு 100 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. மன்னிப்பு தாமதமாகத்தான் வந்தது என்பது வாஸ்தவம். ஆனாலும் படம் மாறியது கவனக்குறைவு, அலமாரியில் தப்பான பிளாக்கை எடுத்த கதை. அதற்கு 100 கோடி என்றால் எந்தச் சின்னப் பத்திரிகையும் படமே போடாது. ஜோன்ஸ் செய்தது, சைக்கிள் ஸ்டாண்ட்காரர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகும் வாராவாரம் அதே படத்தைப் போட்டு, பக்கத்திலேயே லேகியம் விற்றது.

கோவை வாசகர்: பணம் கைக்கு வந்ததா?

தீர்ப்பில் சொன்ன தொகைக்கு எட்டாத தூரம்தான். 2022இல் ஜோன்ஸின் கம்பெனியும் அப்புறம் அவரும் திவால் மனுப் போட்டார்கள். தெரிந்தே செய்த கெடுதலுக்கான கடனைத் திவாலைக் காட்டிக் கழித்துவிட முடியாது என்று மறு ஆண்டே திவால் நீதிபதி சொல்லிவிட்டார். டெக்சாஸ் வழக்கில் ஒரு பொருளாதார நிபுணர் அவரும் கம்பெனியும் சேர்ந்து மொத்தச் சொத்து மதிப்பு 13.5 கோடியிலிருந்து 27 கோடி டாலர் வரை இருக்கும் என்றார். குடும்பங்களுக்கும் நிலவரம் தெரியும். பத்து வருடத்துக்கு வருடம் 85 லட்சம் டாலராவது கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். படியவில்லை. 2024இல் இன்ஃபோவார்ஸை ஏலம் விட்டபோது ‘தி ஆனியன்’ என்ற நையாண்டிப் பத்திரிகை எடுத்தது. நீதிபதி அந்த ஏலத்தை ஏற்கவில்லை. 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தீர்ப்பை எதிர்த்து ஜோன்ஸ் போட்ட மனுவைக் கையில் எடுக்கவே மறுத்துவிட்டது.

திருச்சி வாசகர்: இப்படியெல்லாம் எழுதுகிறீர்களே, ஜோன்ஸ் உங்கள்மேல் வழக்குப் போட்டால்?

சாண்டி ஹூக் சம்பவம் நூறு சதவீதம் உண்மை என்று அவரே 2022இல் டெக்சாஸ் கூண்டில் நின்று ஒப்புக்கொண்டுவிட்டார். எண்களில் தப்பு இருந்தால் எழுதுங்கள். திருத்தம் எந்தப் பக்கத்தில் வரும் என்று ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். கடைசிக்கு முந்தின பக்கம் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.