கெர்னல் ஸ்டாக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் எழுதிய லினக்ஸ் டிரைவரை ஏற்றினால், "கெர்னல் ஸ்டாக் இஸ் கரப்டட் இன்" என்று ஒரு ஃபங்ஷன் பெயரைக் காட்டிவிட்டு மெஷின் பேனிக் ஆகி நின்றுவிடுகிறது. அந்த ஃபங்ஷனில் தப்பு எதுவும் தெரியவில்லையே?

பதில்: ஸ்டாக் என்பது ஃபங்ஷனின் லோக்கல் மாறிகளும், முடிந்ததும் திரும்ப வேண்டிய ரிட்டர்ன் முகவரியும் இருக்கும் மெமரி. அதில் அந்த ஃபங்ஷனின் லோக்கல் பஃபர் நிரம்பி வழிந்திருக்கிறது. வழிய விட்டது அது கூப்பிட்ட வேறொரு ஃபங்ஷனாக இருக்கலாம். கம்பைலர், ரிட்டர்ன் முகவரிக்கும் பஃபருக்கும் நடுவே 'கேனரி' என்ற ரேண்டம் எண்ணை வைக்கிறது. ஃபங்ஷன் முடியும்போதுதான் அதைச் சரிபார்க்கும். அதனால் தப்பு நடந்த வரி பேனிக் செய்தியில் வராது.

முதலில், பஃபரின் அளவைப் பார்க்காமல் எழுதும் ஸ்பிரின்ட்எஃப் வரும் இடங்களைத் தேடுங்கள். 32 பைட் பஃபரில் சாதனத்தின் பெயரையும் எண்ணையும் ஒட்டி எழுதுவது வழக்கமான குற்றவாளி. எஸ்என்பிரின்ட்எஃப்புக்கு மாற்றி, அளவாக சைஸ்ஆஃப் கொடுங்கள். ஆனால் பஃபரை பாயின்டராக வாங்கிய ஃபங்ஷனுக்குள் சைஸ்ஆஃப் போட்டால் 64 பிட்டில் 8 என்றுதான் வரும்! அங்கே அளவைத் தனி ஆர்க்யூமென்டாக அனுப்ப வேண்டும். அப்படியும் சிக்காவிட்டால் கேசான் (மெமரித் தப்புகளைப் பிடிக்கும் கெர்னல் கருவி) போட்டு கெர்னலை பில்ட் செய்யுங்கள். மெமரியில் எட்டில் ஒரு பங்கை விழுங்கும், வேகமும் குறையும். ஆனால் எல்லை தாண்டி எழுதும் அந்தக் கணத்திலேயே பிடித்துவிடும்.

கேள்வி: 4.9 கெர்னலில் வந்த விமேப் ஸ்டாக்கை (ஸ்டாக்கை விர்ச்சுவல் மெமரியில் ஒதுக்கும் வசதி) ஆன் செய்திருக்கிறேன். அதில் கார்டு பேஜ் (தொட்டாலே பிழை எழும் காலிப் பக்கம்) இருக்கும்போது கேனரி எதற்கு?

பதில்: இரண்டும் காப்பது வேறு வேறு ஆபத்திலிருந்து. எக்ஸ்86-64இல் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 16 கேபி ஸ்டாக். அது கீழ்நோக்கி வளரும். ரிகர்ஷன் எல்லை மீறினாலோ, பெரிய லோக்கல் அரேக்கள் குவிந்தாலோ அடியிலுள்ள கார்டு பேஜில் முட்டும். பஃபர் வழிவதோ மேல்நோக்கி, ரிட்டர்ன் முகவரியை நோக்கி. கார்டு பேஜுக்கு அது தெரியவே வராது. கேனரியில் 'ஸ்ட்ராங்' வகையைத் தேர்ந்தெடுங்கள் (3.14 முதல் உண்டு). சாதா வகை 8 பைட்டோ அதற்கு மேலோ உள்ள கேரக்டர் அரே இருக்கும் ஃபங்ஷன்களை மட்டுமே கவனிக்கும். ஸ்ட்ராங், எந்த அரே இருந்தாலும், லோக்கல் மாறியின் முகவரி எடுக்கப்பட்டாலும் காவல் வைக்கும்.

விமேப் ஸ்டாக் வந்தபின் ஸ்டாக்கிலுள்ள பஃபரை டிஎம்ஏவுக்கு (சாதனம் நேராக மெமரியில் படித்து எழுதும் முறை) கொடுக்கக் கூடாது. பழைய யுஎஸ்பி டிரைவர்கள் பல இதில்தான் விழுந்தன. அந்த பஃபரை கேமல்லாக்கில் (கெர்னலில் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) எடுங்கள்.

கேள்வி: 64 பைட் அரேயில் 64ஆம் இண்டெக்ஸில் (எல்லைக்கு ஒரு பைட் வெளியே) பூஜ்யத்தை எழுதிப் பார்த்தேன். கேனரி கத்தவில்லையே?

பதில்: கத்தாது. 64 பிட் கெர்னலில் கேனரியின் முதல் பைட்டே பூஜ்யம். எல்லையில்லாமல் ஸ்ட்ரிங்கைப் படிக்கும் கோடு அங்கே நின்று, மீதி 7 பைட் ரகசியம் கசியாமலிருக்க வைத்த ஏற்பாடு. பஃபர் கேனரியை ஒட்டி இருந்தால் நீங்கள் பூஜ்யத்தின் மேல் பூஜ்யத்தை எழுதியிருக்கிறீர்கள். பயனரிடமிருந்து காப்பி செய்யும் அளவை 63க்குள் நிறுத்தினால் இந்தத் தப்புக்கு இடமில்லை.