நிலக்கரிச் சுரங்கம் ஏன் வெடிக்குது, எப்பிடித் தடுக்கிறது?

தம்பி, சுரங்கம் ஏன் வெடிக்குது, தடுக்கேலாதோ எண்டு கேட்டிருந்தீர். சம்பூரில கட்ட இருந்த நிலக்கரி அனல்மின் நிலையத்தைப் பற்றி இஞ்ச திருகோணமலையில கதை அடிபட்ட காலத்தில (2016ல கைவிட்டினம்) எல்லாரும் சாம்பலையும் கடலையும்தான் கதைச்சவை, கரி தோண்டுற இடத்தை ஆரும் யோசிக்கேல்லை.

முதல் எதிரி மீத்தேன், கரிக்குள்ள அடைஞ்சு கிடக்கிற காஸ், வெட்ட வெட்ட வெளியில வரும், காத்தில 5 வீதத்தில இருந்து 15 வீதம் வரை கலந்தா வெடிக்க ஒரு பொறியே காணும். அதால பெரிய ஃபான் போட்டுக் காத்தை ஓடவிடுவினம், மீற்றர் வைச்சு அளப்பினம், கூடினா கரண்டை நிப்பாட்டோணும். வெட்ட முதலே துளை போட்டு காஸை உறிஞ்சி அதில மின்சாரமும் எடுக்கினம், சூழலுக்கும் அதுதான் நல்லம், மீத்தேன் காபனீரொட்சைட்டை விடப் பலமடங்கு சூடாக்கும்.

ஆனா எனக்குப் பயம் கரித்தூசுதான். சின்ன வெடிப்பு தூசைக் கிளப்பும், அந்தத் தூசு பத்தி அடுத்ததைக் கிளப்பும், அப்பிடியே சுரங்கம் முழுக்க ஓடும். 1906ல பிரான்ஸில கூரியேர் சுரங்கத்தில 1099 பேர் செத்தது இப்பிடித்தான். மருந்து சிம்பிள், சுண்ணாம்புக்கல் தூளை வழியெல்லாம் தூவுறது, அது சூட்டை இழுத்துப்போடும்.

மற்றது தானாப் பத்துற நெருப்பு. விட்டுப்போன கரியில காத்துப் பட்டாலே சூடேறும், அதால பழைய பக்கங்களை இறுக்கி மூடி நைதரசன் அடிக்கோணும். இந்தியாவில ஜாரியாவில 1916ல கண்ட நெருப்பு இன்னும் அணையேல்லை, மேல சனம் புகைக்குள்ளதான் சீவிக்குது.