பேஸ்பால் தடுப்பாட்டம்: யார் எங்கே நிற்கவேண்டும்?

பதினோரு ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குப் பேஸ்பால் பயிற்சி அளிக்கிறேன். அதற்குமுன் பல காலம் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியிருக்கிறேன். தடுப்பாட்டம், அதாவது ஃபீல்டிங், பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவன் நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பேஸை (ஓட்டக்காரர் வரிசையாகத் தொட்டுப் போகவேண்டிய இடம்) காக்கும்போது ஷார்ட்ஸ்டாப் மட்டும் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கிறார். அவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள், ஐயா?

வலக்கை பேட்டர்கள் தரையோடு அடிக்கும் பந்துகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். முதல் பேஸோ அவருக்கு வெகுதூரம். பேட்டர் 90 அடி ஓடி அங்கே சேர நாலே கால் நொடி போல ஆகும். அதற்குள் ஓடி, குனிந்து, பந்தை எடுத்து, எறிந்து முடித்தாகவேண்டும். எல்லோரும் கையைப் பார்க்கிறார்கள். நான் காலைப் பார்ப்பேன். கால் சரியான இடத்தில் ஊன்றியிருந்தால் எறிதல் தானாக நேராகும். என் பிள்ளைகளிடம் முதல் வாரம் கையுறையைக் கழற்றச் சொல்லிவிடுவேன். மெல்ல உருட்டிவிடும் பந்தை வெறுங்கையால் எடுக்கவேண்டும். கால் பிந்தினால் கை நீளும், பந்து நழுவும். யாரும் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

புகழ்பெற்ற ஷார்ட்ஸ்டாப் ஆஸி ஸ்மித் 1978இல், தம் முதல் பருவத்திலேயே செய்ததைத் தேடிப் பாருங்கள். இரண்டாம் பேஸுக்குப் பின்னால் பாய்கிறார். பந்து திடீரெனத் திசைமாறி எகிறுகிறது. கீழே விழுந்துகொண்டே வெறும் வலக்கையால் பிடித்து, எழுந்து எறிந்து அவுட் செய்கிறார். சிறந்த தடுப்பாட்டத்துக்குத் தரும் தங்கக் கையுறை விருதைத் தொடர்ந்து 13 ஆண்டுகள் பெற்றவர். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கேள்வி: எட்டு வயது மகன் இடக்கையால் எறிகிறான். மூன்றாம் பேஸ்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். விடலாமா, அண்ணா?

தாராளமாக விடுங்கள் அம்மா, இந்த வயதில் எல்லா இடமும் ஆடட்டும். வளர்ந்தபின் தடை வரும். மூன்றாம் பேஸில் பந்தை எடுத்த இடக்கையர் முதல் பேஸுக்கு எறிய உடலை முழுவதும் திருப்பவேண்டும்; அந்தச் சிறுபொழுதில் ஓட்டக்காரர் தப்பிவிடுவார். முதல் பேஸில் அதே இடக்கை வரப்பிரசாதம். கையுறை வலக்கையில் இருப்பதால் களத்தின் பக்கம் திறந்தே நிற்கலாம். பிட்சர் (பந்து வீசுபவர்), வெளிக்களம் (பேஸ்களுக்கு அப்பாலுள்ள பகுதி) இரண்டிலும் தடையே இல்லை.

கேள்வி: கேட்சரும் விக்கெட் கீப்பரும் ஒன்றுதானே?

பார்வைக்கு அப்படித்தான். ஆனால் ஒன்பது பேரில் கேட்சர் ஒருவர்தான் களம் முழுவதையும் முன்னால் வைத்துப் பார்க்கிறார். எந்தப் பந்து வீசுவது என்று பிட்சருக்குச் சைகை தருவதும் வழக்கமாக அவர்தான். இரண்டாம் பேஸைத் திருட, அதாவது பந்தை யாரும் அடிக்காமலே அங்கே போய்ச்சேர, ஒருவர் ஓடினால், குந்திய நிலையிலிருந்து எழுந்து 127 அடி எறியவேண்டும். பந்து அவர் கையுறையில் விழுந்து, இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையுறையைச் சேர இரண்டு நொடிதான் கணக்கு. இதில் பேர்போனவர் இவான் ரோட்ரிகஸ். 13 தங்கக் கையுறைகள்.

நான் அதைவிட மதிப்பது மண்ணில் குத்திவரும் பந்தைத் தடுப்பதை. அதைப் பிடிக்க முயலக்கூடாது. முட்டிபோட்டு, முகவாயை நெஞ்சோடு சேர்த்து, தோள்களை முன்னே வளைத்து, மார்பில் வாங்கி முன்னால் விழவைக்கவேண்டும். வலிக்கும். அந்த வலியை ஏற்பவர்தான் கேட்சர்.

கேள்வி: வலது வெளிக்களத்தில் ஆடத்தெரியாதவரைத்தானே நிறுத்துவார்கள்?

சிறுவர் அணிகளில் அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. தொழில்முறை ஆட்டத்தில் அங்கே வலுவான கை வேண்டும், ஏனென்றால் மூன்றாம் பேஸுக்கு எறிய வேண்டிய தூரம் அதிகம். 12 தங்கக் கையுறை வாங்கிய ரொபெர்ட்டோ கிளெமென்டே ஆடிய இடம் அது. நடு வெளிக்களத்துக்கு வேகமும் கணிப்பும் வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1954இன் முதல் ஆட்டத்தில் விக் வெர்ட்ஸ் அடித்த பந்தை வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடிப் பிடித்ததை எல்லோரும் சொல்வார்கள். பிடித்த வேகத்தில் சுழன்று அவர் எறிந்ததே எனக்குப் பெரிது. இரண்டாம் பேஸிலிருந்தவர் மூன்றாம் பேஸோடு நின்றார், சமமாக இருந்த ஓட்டக் கணக்கு மாறவில்லை.

கேள்வி: "6-4-3" என்றால் என்ன?

இடங்களுக்கான எண்கள். ஷார்ட்ஸ்டாப் 6, இரண்டாம் பேஸ் 4, முதல் பேஸ் 3. பந்து அந்த வரிசையில் போய் இருவர் அவுட்.

கேள்வி: ஒரே பக்கம் மூன்று உள்கள ஆட்டக்காரர்களை நிறுத்துவதை இப்போது காணோமே?

அமெரிக்க மேஜர் லீகில் 2023 முதல் அதற்குத் தடை. இரண்டாம் பேஸின் இருபுறமும் இருவர் இருவராக நிற்கவேண்டும். எனக்கு மகிழ்ச்சியே, பாய்ந்து பிடிக்கும் திறமைக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது.

கேள்வி: பந்து எகிறி என் மகளின் உதட்டில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திட்டியும் பயனில்லை.

திட்டாதீர்கள். முகத்தைத் திருப்பினால் பந்து கண்ணுக்குத் தெரியாது, அப்போதுதான் அடி படும். இதை அவளிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். இரண்டு வாரம் டென்னிஸ் பந்து மட்டும் போதும். பத்தடி தூரத்தில் நீங்களும் முட்டிபோட்டு உட்கார்ந்து உருட்டிவிடுங்கள். பந்தின்மேல் பேனாவால் ஓர் எண் எழுதி, எடுக்கும்போது அது என்ன எண் என்று கேளுங்கள். படிப்பதற்காகவே கண் பந்தோடு வரும். எண்ணைச் சரியாகச் சொல்லத் தொடங்கிய பிறகு ஓரடி பின்னால் நகருங்கள்.