மஞ்சள் பணத்தைக் கட்டுவதற்கு முன்

ஐயா, உங்கள் பெரிய மகனைக் கடற்படைப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டு நேற்று என் மேசையில் வைத்துவிட்டுப் போன அந்தப் பளபளப்பான கையேட்டை முழுதும் படித்தேன். அட்டையில் வெள்ளைச் சீருடைப் பையன், தோளில் பொன்பட்டை, பின்னால் கப்பல். 'நேவி' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதன் முன்னால் 'மெர்ச்சன்ட்' மட்டும் கடுகு அளவு எழுத்தில். அது கடற்படைக் கல்லூரி அல்ல. சரக்குக் கப்பல் வேலைக்கான படிப்பு. கோபியில் மஞ்சள் விற்று வைத்திருக்கும் பணத்தை அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள்.

இரண்டையும் ஒன்றாக நினைத்ததில் உங்கள் தவறு பெரிதில்லை. ஒரு காலத்தில் இரண்டுக்கும் வாசல் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. 1927-இல் பம்பாயில் டஃப்ரின் என்ற பழைய துருப்புக் கப்பலைப் பயிற்சிக் கப்பலாக மாற்றினார்கள். அதுவரை கப்பல்களில் நம்மவர்கள் கரி அள்ளலாம், தளம் கழுவலாம். அதிகாரியின் தொப்பி எட்டாக்கனி. அதை மாற்ற வேண்டும் என்று மத்திய சட்டசபையில் வாதாடியவர்களில் தஞ்சைப் பக்கத்து சிவசாமி ஐயரும் ஒருவர். டஃப்ரின் சரக்குக் கப்பல் அதிகாரிகளுக்காகத்தான் தொடங்கியது. ஆனால் அதன் முதல் அணியில் படித்த செங்கல்பட்டுப் பிள்ளை ராமதாஸ் கட்டாரி, ஹூக்ளி ஆற்றில் அளவைப் பணி செய்து, உலகப் போரின்போது கடற்படைக்குள் நுழைந்து, 1958-இல் அதன் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். டஃப்ரினுக்குப் பின் 1972-இல் ராஜேந்திரா என்ற பயிற்சிக் கப்பல், 1993-இல் நவி மும்பையில் கரையிலேயே சாணக்கியா என்ற பயிற்சிக் கல்லூரி. அந்த வம்சம் இன்றும் சரக்குக் கப்பலுக்குத்தான் ஆள் தருகிறது. மட்டமான தொழில் அல்ல, சம்பளம் நன்றாகவே வரும். போவதானால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வை எழுதட்டும். கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் கல்லூரியின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள், முகவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

தம்பி, அதாவது உங்கள் பெரியவன், கேட்பது கடற்படை. அதற்கு வட கேரளத்தின் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாதமி. நன்னன் என்ற மன்னன் ஆண்டதாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் அதே ஏழில்மலைதான். அகாதமிக்கு 1987-இல் அடிக்கல் நாட்டி 2009-இல் திறந்தார்கள். ஈரோட்டில் மங்களூர் ரயில் ஏறினால் பையனூரில் இறங்கிப் போகலாம். நான்கு ஆண்டு பி.டெக், படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அரசு செலவு. பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்த்து 70 விழுக்காடும் பொறியியல் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. மெயின் தரவரிசையும் வேண்டும். பிறகு பல நாள் நேர்முகத் தேர்வு. தேசியப் பாதுகாப்பு அகாதமி தேர்வு இன்னொரு வழி, ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. இரண்டையும் எழுதட்டும். கடற்படை அதிகாரியாக்க யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சின்னவனுக்கு படை அதிகாரி வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் உடுமலை அமராவதிநகர் சைனிக் பள்ளியைப் பாருங்கள். 1962-இலிருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியவனுக்கு அந்த வயது தாண்டிவிட்டது.

புத்தகம் வாங்கும் முன் ஒரு வேலை. கண் மருத்துவரிடம் கூட்டிப்போய், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தேடும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். நிறக்குருடு இருந்தால் அங்கேயே கதவு மூடிவிடும். இரண்டு ஆண்டு படித்துவிட்டு அதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

தண்ணீரில் கண்டம் என்று ஜோதிடர் சொன்னதாகத் தம்பியின் அம்மா கலங்கினார்கள். தினமும் தடப்பள்ளி வாய்க்காலில் குதிப்பதாகத் தம்பி என்னிடம் முன்பே சொல்லியிருந்தான். அந்த நேரம் பார்த்து எனக்குக் கண் காட்டினான். நானும் வாயைத் திறக்கவில்லை.