அழித்த பிறகும் டிஸ்க் ஏன் நிறைந்தே இருக்கிறது?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் 100 ஜிபி டிஸ்க் முழுக்க நிறைந்துவிட்டது. டேட்டாபேஸ் எதையும் எழுத மறுக்கிறது. 38 ஜிபி வரை வளர்ந்திருந்த வெப் சர்வர் லாக் ஃபைலை அழித்தேன். அப்படியும் 100 சதவீதம் என்றே காட்டுகிறது. ரீபூட் செய்யலாமா, வேறு எதையாவது அழிக்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேறு எதிலும் கை வைக்காதீர்கள். நீங்கள் அழித்த ஃபைல் பெரும்பாலும் இன்னும் டிஸ்க்கில்தான் இருக்கிறது.

ஃபைலை அழிக்கும் ஆர்எம் கட்டளை, அதன் பெயரை மட்டுமே டைரக்டரியிலிருந்து எடுக்கிறது. ஏதாவது ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை இடம் திரும்பி வராது. உங்கள் வெப் சர்வர் தன் பாட்டுக்கு, பெயர் இல்லாத அந்த ஃபைலில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். டிஸ்க்கின் மொத்தக் கணக்கைக் காட்டும் டிஎஃப் கட்டளை நிறைந்திருக்கிறது என்று சொல்ல, பெயருள்ள ஃபைல்கள் பிடித்திருக்கும் இடத்தைக் காட்டும் டியூ கட்டளையைப் போட்டுக் கூட்டினால் 60 ஜிபி சொச்சம்தான் வருகிறது என்றால், சந்தேகமே வேண்டாம்.

ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு), திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை, பிளஸ் குறி, பெரிய எல், 1 மூன்றையும் இடைவெளியில்லாமல் சேர்த்து ஓட்டுங்கள். பெயர் போன பிறகும் திறந்திருக்கும் ஃபைல்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிராசஸ் எண்ணோடு வரும். அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் 38 ஜிபியும் அப்படியே திரும்பும். ஆனால் அதற்கு முன் ஒரு நிமிடம்: ப்ராக் டைரக்டரிக்குள் அந்த பிராசஸ் எண், அதற்குள் எஃப்டி என்று போனால் அதே லாக்கை இன்னும் படிக்கலாம். டெயில் போட்டுக் கடைசி 200 வரிகளைப் பாருங்கள். லாக் ஏன் இப்படி வீங்கியது என்பதற்கான சாட்சி அது ஒன்றுதான். ரீஸ்டார்ட் செய்ததும் அதுவும் போய்விடும்.

ரீபூட் செய்தாலும் இடம் வரும்தான். ஆனால் ஒரு சர்வீஸுக்காக மொத்த சர்வரையும் இறக்கி ஏற்றுவது எனக்கு ஒப்பாது.

அடுத்த முறை லாக்கை அழிக்காமல் ட்ரங்கேட் கட்டளையால் பூஜ்ஜியமாக்குங்கள். அதன்பின், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை பழைய பெரிய அளவையே காட்டினால் பதற வேண்டாம். சில புரோகிராம்கள் விட்ட இடத்திலிருந்தே எழுதும், முன்பகுதி இடம் பிடிக்காத வெறும் ஓட்டை. உண்மையில் பிடித்திருக்கும் இடத்தை டியூ சொல்லும்.

சரி, எல்எஸ்ஓஎஃப் எதுவும் காட்டவில்லை என்றால்? டிஎஃப் கட்டளையை ஐ ஆப்ஷனோடு ஓட்டி ஐநோடு (ஒரு ஃபைலுக்கு ஒன்று என்று செலவாகும் பதிவு) தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். லட்சக்கணக்கான குட்டி செஷன் ஃபைல்கள் குவிந்தால், ஜிபி கணக்கில் இடம் இருந்தும் புது ஃபைல் உருவாகாது. அப்புறம் ஜர்னல் லாக், டாக்கர் கன்டெய்னர் லாக், பேக்கேஜ் கேஷ். வழக்கமான தின்னிகள் இவைதான். டாக்கரின் வழக்கமான ஜேசன் லாக், நீங்கள் வரம்பு வைக்காதவரை வளர்ந்துகொண்டே போகும்.

டேட்டாபேஸ் டைரக்டரிக்குள் மட்டும் ஆர்எம் கூடவே கூடாது. மைஎஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸ், தன் மாற்றங்களைப் பதியும் பைனரி லாக்குகளை, நீங்கள் மாற்றாவிட்டால், 30 நாள் வைத்திருக்கும். குறைக்க வேண்டுமானால் டேட்டாபேஸுக்குள்ளிருந்து பர்ஜ் கட்டளை கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தன் மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பிஜி வால் டைரக்டரி பார்க்க வெறும் லாக் போலத்தான் இருக்கும். அதில் அழித்தால் டேட்டாபேஸே எழாமல் போகலாம். அது வீங்கியிருந்தால், யாரும் படிக்காமல் விட்டுப்போன ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் படிக்கும்வரை இந்த ஃபைல்களைப் பிடித்துவைப்பது) இருக்கிறதா என்று தேடுங்கள்.

இவ்வளவும் முடிந்ததும், அந்த லாக்கின் பாதை, லாக்குகளை அவ்வப்போது மாற்றிப் பழையவற்றை நீக்கும் லாக்ரொட்டேட் அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். லாக்கை வழக்கமான இடத்தில் வைக்காமல் வேறு டைரக்டரிக்கு மாற்றியவர்கள் இதைத்தான் மறப்பார்கள். சேர்க்கும்போது, ரொட்டேட் ஆனதும் வெப் சர்வர் லாக்கைப் புதிதாகத் திறக்கச் சொல்லும் வரியையும் சேருங்கள். இல்லையென்றால் பழைய ஃபைலைப் பிடித்துக்கொண்டு, இதே கதை மறுபடியும் நடக்கும்.