பச்சை டிக் வருகிறது, வாய் நாற்றமும் வருகிறது

கேள்வி: என் அம்மாவுக்கு 82 வயது. மறதிநோய் அதிகமானதால் முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். மேல்வரிசைக்குப் பல்செட், கீழே சொந்தப் பற்கள் சில இருக்கின்றன. அந்த இல்லத்தில் எல்லாவற்றையும் டேப்லெட்டில் பதிவு செய்கிறார்கள். 'பல் துலக்கியாயிற்று' என்று காலையும் இரவும் என் போனுக்குப் பச்சை டிக் வந்துவிடுகிறது. நேரில் போனால் வாயில் நாற்றம். செயலியை நம்புவதா, என் மூக்கை நம்புவதா? ப்ளூடூத் பிரஷ் வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: மூக்கை நம்புங்கள். யாரோ ஒருவர் திரையைத் தொட்டார் என்பதற்கு மேல் அந்த டிக் எதையும் சொல்வதில்லை. அதற்காகப் பணியாளர்கள் பொய் சொல்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். பல செயலிகளில் 'முடிந்தது', 'முடியவில்லை' என்று இரண்டே பொத்தான்கள்தான் இருக்கும். இரண்டாவதை அழுத்தினால் சிவப்புக் குறி விழும், மேற்பார்வையாளர் கேள்வி கேட்பார். உங்கள் அம்மா வாயை இறுக மூடிக்கொண்டார், முன்பல்லை மட்டும் துடைக்க முடிந்தது என்று வையுங்கள். வேலை பாதி கிடக்கும் பணியாளர் எதை அழுத்துவார்?

அதனால் முதலில் இதைக் கேளுங்கள்: 'மறுத்துவிட்டார்', 'பாதிதான் முடிந்தது' என்று பதிவு செய்ய இடம் இருக்கிறதா, காரணம் எழுத வழி இருக்கிறதா? என்னைப் பொறுத்தவரை இந்த மறுப்புப் பதிவுதான் செயலியிலேயே உருப்படியான பகுதி. இரண்டு வாரப் பதிவைச் சேர்த்துப் பார்த்தாலே விஷயம் புரியும். இரவில் மட்டும் மறுக்கிறார் என்றால் களைப்பு. சாப்பாடு முடிந்த கையோடு துலக்கிவிடலாம். குறிப்பிட்ட ஒரு பணியாளர் இருக்கும்போது மட்டும் அம்மா ஒத்துழைக்கிறார் என்றால், அவர் எப்படிச் செய்கிறார் என்று மற்றவர்கள் பார்த்துக் கற்கலாம். அநேகமாக அவர் எதிரில், அம்மாவின் கண்மட்டத்தில் உட்கார்ந்து, பிரஷ்ஷை அம்மா கையிலேயே கொடுத்து, மேலே தன் கையை வைத்து மெதுவாகத் துலக்குகிறவராக இருப்பார். இதுவரை ஒத்துழைத்தவர் திடீரென்று மறுக்க ஆரம்பித்தால் பல்வலியைச் சந்தேகிக்க வேண்டும். மறதிநோய் முற்றியவர்கள் வலியை வாயால் சொல்வது அரிது. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கையைத் தட்டிவிடுவதும்தான் அவர்களுக்குத் தெரிந்த வழி.

இவ்வளவு மெனக்கெட நாற்றம் மட்டும் காரணமில்லை. வாயில் சேரும் கிருமிகள் எச்சிலோடும் உணவோடும் புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், முறையான வாய்ப் பராமரிப்பு பெறாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. பெற்றவர்களில் 11 சதவீதம். ஆனால் அமெரிக்காவில் 14 இல்லங்களில் நடந்த பிந்தைய ஆய்வில் முதல் ஆண்டு தெரிந்த பலன், இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது நிலைக்கவில்லை. ஆரம்ப உற்சாகம் தேய்ந்துபோவது இந்த வேலையில் சகஜம் என்பதால், நினைவூட்டலும் பதிவும் உதவக்கூடிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பல்செட்டுக்குத் தனிப் பதிவு வேண்டும்: இரவு கழற்றியாயிற்றா, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியாயிற்றா, அண்ணத்தைத் துடைத்தாயிற்றா? ஜப்பானிலேயே 85 வயது தாண்டிய 524 பேரிடம் நடந்த ஆய்வில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறக்குறைய 2.3 மடங்கு. உங்கள் அம்மாவின் வாய் நாற்றத்துக்கும் நான் முதலில் பார்க்கச் சொல்வது பல்செட்டின் அடியில்தான்.

டிக்கைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஓஹாட் (OHAT) என்பார்கள், வாயின் நலத்தை மதிப்பெண் போட்டு அளக்கும் முறை. உதடு, நாக்கு, ஈறும் உட்புறத் தசையும், எச்சில், சொந்தப் பற்கள், பல்செட், வாய்ச் சுத்தம், பல்வலி ஆகிய எட்டுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 16. கூடக்கூட நிலைமை மோசம். பல் மருத்துவர் இல்லாமலே, பழகிய செவிலியர் சில நிமிடங்களில் போட்டுவிடலாம். இதை டேப்லெட்டில் மாதம் ஒருமுறை ஏற்றி, கூடவே வாயைப் படமும் எடுத்துவைத்தால் போன மாதத்தோடு ஒப்பிட முடியும். 'துலக்கினோம்' என்பதைவிட 'வாய் எப்படி இருக்கிறது' என்பதுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும்? ஒன்று: படம் இல்லத்தின் பதிவேட்டில் இருக்கட்டும், பணியாளரின் சொந்த போனில் வேண்டாம்.

டேப்லெட்டில் இருக்கும் மருந்துப் பட்டியலையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். மனச்சோர்வு, சளி, அலர்ஜி, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவற்றுக்கான மருந்துகளில் பல வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் நாற்றமும் வரும், பல்லின் வேர்ப்பகுதியில் சொத்தையும் விழும். மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். வேர்ச் சொத்தை ஆபத்து அதிகமென்றால் 5000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 5000 பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசையைப் பல் மருத்துவர் எழுதித் தரலாம். கடையில் கிடைக்கும் சாதாரணப் பற்பசையில் 1000 முதல் 1500 வரைதான் இருக்கும்.

அப்புறம் அந்த ப்ளூடூத் பிரஷ். அவசரப்பட்டு வாங்காதீர்கள். முன்பே மின்சார பிரஷ் பழகியவராக இருந்தால் சரி. இல்லையென்றால் அந்தச் சத்தமும் அதிர்வும் மறதிநோய் உள்ளவரை மிரட்டிவிடும். பல்லில் அதிகமாக அழுத்தித் தேய்த்தால் எச்சரிக்கும் வசதி நல்லதுதான், ஆனால் அது செயலியோடு இணையாத பிரஷ்களிலும் வருகிறது. சின்னத் தலையும் மென்மையான நாரும் உள்ள சாதா பிரஷ் போதும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, ஒரு பல் மருத்துவர் நேரில் வந்து பார்க்க ஏற்பாடு செய்வது. வீடியோ ஆலோசனை யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று பிரிக்க உதவும். ஈறுக்குள் இருக்கும் சீழையோ, இரு பற்களுக்கு இடையிலான சொத்தையையோ கேமரா காட்டாது. முகம் வீங்கினாலோ, சாப்பாட்டைத் தள்ளினாலோ, சாப்பிடும்போது இருமலும் அதோடு காய்ச்சலும் வந்தாலோ, அடுத்த மாத மதிப்பெண் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.